ஃபுகடிக்கு ஒரு ஜோடி

என்னிடம் ஒரு ஸ்வெட்டர் இருக்கிறது. கம்பளியிலேயே மோசமான கம்பளி. உடம்பெல்லாம் அரிக்கும். "கழற்றிப் போட வேண்டியதுதானே?" என்பீர்கள். முடியாது. அது என் தோல்.

என் பெயர் தமிழரசி. ஆறாம் வகுப்பு. புனேயில், தாபோடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே எக்ஸிமா. முழங்கை மடிப்பில் அரிக்கும், கழுத்தில் அரிக்கும், பரீட்சை நேரத்தில் எல்லா இடத்திலும் அரிக்கும். இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. அதை ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்றுகூட யோசித்தேன். ஆனால் கயிறு பட்டால் கழுத்து அரிக்குமே!

தெருமுனை மெடிக்கல் கடை மாமாதான், இங்கே 'காகா' என்போம், முதலில் அந்தக் களிம்பு ட்யூபைக் கொடுத்தார். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. அம்மா தடவிவிட்டாள். இரண்டே நாளில் அரிப்பு போயே போய்விட்டது. எங்கள் வீட்டில் அந்த ட்யூபுக்குச் சாமி படத்துக்குக் கீழேதான் இடம். பக்கத்து வீட்டு ராஜி அக்காகூட, கல்யாண வீட்டுக்குப் போகும்போது முகம் பளபளப்பாக இருக்கட்டும் என்று அதிலிருந்து கொஞ்சம் பிதுக்கிக்கொண்டு போவாள்.

அரிப்பு திரும்பி வந்தது. மறுபடி தடவினோம். இன்னும் சீக்கிரம் வந்தது. இன்னும் அதிகமாகத் தடவினோம். இப்படியே வருஷங்கள் ஓடின. கடைசியில் தோல் டாக்டரிடம் போனபோது, அவர் என் கன்னத்தை விளக்கு வைத்துப் பார்த்தார்.

"மருந்து நல்ல மருந்துதாம்மா. ஆனா, அதில் ஸ்டீராய்டு இருக்கு. யாரையும் கேட்காம இத்தனை வருஷம் முகத்துலயும் தடவினதுதான் தப்பாப் போச்சு. தோல் மெலிஞ்சுடுச்சு. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்தணும். நிறுத்தினதும் தோலுக்குக் கோபம் வரும். சில மாசம் கஷ்டமா இருக்கும்" என்றார்.

கோபம் என்றால் எங்கள் கணக்கு மிஸ்ஸின் கோபம் மாதிரி இருக்கும், மணி அடித்தால் போய்விடும் என்று நினைத்தேன். ட்யூபை நிறுத்திய பிறகு வந்த கோபம் போகவே இல்லை. முகம் தக்காளி ஆனது. கைகள் வெந்தது போல எரிந்தன. விரல் மடிப்புகள் வெடித்து நீர் கசிந்தது. காலையில் எழுந்து பார்த்தால், யாரோ என் தலையணையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டுப் போனது போல ஒரே தூள். பாம்பாவது ஒரே தடவையில் சட்டையை உரித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகும்.

சரி, இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஃபுகடி வந்தபோதுதான் என்னால் முடியவில்லை.

ஃபுகடி தெரியும் இல்லையா? இந்த ஊர்ப் பெண்களின் ஆட்டம். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு, கால் விரல்களை ஒட்டி வைத்து, பின்னால் சாய்ந்து சுற்ற வேண்டும். "ஃபூ! ஃபூ!" என்று சத்தமும் விட வேண்டும். ஒருத்தி கையை விட்டால் இரண்டு பேரும் இரண்டு திசையில் போய் விழுவார்கள்.

எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் நானும் நஸ்ரினும் ஜோடி. நஸ்ரின் எங்கள் மாடியில் குடியிருப்பவள். என்னைச் 'சொறியரசி' என்று கூப்பிடுவாள். அவள் ஒருத்தி மட்டும்தான் அப்படிக் கூப்பிடலாம்.

திங்கட்கிழமை ஒத்திகை. நஸ்ரின் என் கைகளைப் பிடித்தாள். ஒரு சுற்றுகூட ஆகவில்லை. உயிரே போகிற மாதிரி வலித்தது. விட்டுவிட்டேன். நஸ்ரின் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம விடுற?" என்று இடுப்பைத் தேய்த்துக்கொண்டே எழுந்தவள், தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அதில் லேசாக ரத்தம் இருந்தது. அவளுடையது இல்லை.

மிஸ் அருகில் வந்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம் தமிழரசி. கை சரியாகலைன்னா நஸ்ரினுக்கு வேற ஜோடி போடணும்."

"இவ இல்லைன்னா நானும் இல்ல மிஸ்" என்றாள் நஸ்ரின்.

அன்று வீட்டில் என்னால் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் அதை இடுக்கிக் குடித்தேன். "பாரும்மா, அணில் மாதிரி குடிக்கிறேன்" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்த ட்யூப் இருந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் மட்டும்" என்றாள். "ஆண்டுவிழா முடியட்டும். அப்புறம் நிறுத்திடலாம்."

"டாக்டர் வேண்டாம்னாரே?"

"டாக்டரா வந்து உன்னை வெச்சுப் பார்த்துக்கிறார்? தடவினவளும் நான்தான். நிறுத்தினவளும் நான்தான். இப்படிப் பார்த்துக்கிட்டு நிக்கிறவளும் நான்தான். என்னால முடியலடி."

அம்மா மூடியைத் திறந்தாள். அந்த வாசனை வந்தது. மாங்காயைப் பார்த்தால் நாக்கில் ஊறுமே, அப்படி என் கையெல்லாம் ஊறியது. நீட்டினால் போதும். புதன்கிழமை எரிச்சல் போய்விடும். சனிக்கிழமை நானும் நஸ்ரினும் பம்பரம் போலச் சுற்றுவோம்.

கையை நீட்டியும் விட்டேன்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை என்ன பண்றது?" என்று கேட்டேன்.

அம்மாவின் விரல் ட்யூபின் மேலேயே நின்றது.

"மறுபடியும் மொதல்ல இருந்தா? நானும் மொதல்ல இருந்து உரியணும். நீயும் மொதல்ல இருந்து அழணும். உன்கிட்ட அவ்வளவு கண்ணீர் ஸ்டாக் இருக்கா?"

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ட்யூபைக் குப்பைக் கூடையில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதை வெளியே எடுத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து மறுபடியும் போட்டாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் ஆடப் போவதில்லை. அவ்வளவுதான். உரிந்த கன்னத்தில் கண்ணீர் பட்டதும் உப்பு எரிந்தது. அழுவதற்குக்கூட எனக்கு வசதி இல்லை. அம்மா பஞ்சை எடுத்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒரு சொட்டு துடைத்தால் இன்னொரு சொட்டு வந்தது.

மறுநாள் நான் மீனுவிடம் போனேன்.

மீனு என் பெஞ்சில்தான் உட்காருவாள். என் கைகள் சிவந்த நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தன் பையை வைத்துவிடுவாள். திட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை. பையை மட்டும் வைப்பாள். கிண்டல் செய்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒரு பையிடம் என்ன பேசுவது?

"மீனு, ஃபுகடி ஆடுறியா?"

அவள் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள். "உன்கூடவா?"

"இல்ல. நஸ்ரின்கூட."

மீனு சம்மதித்தாள். நஸ்ரின்தான் குதித்தாள்.

"அந்தப் பைக்காரியா? வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"உன் உயரத்துக்கு அவதான் சரி. உன் குண்டுக்கும் அவதான் சரி. கீர்த்தியைப் போட்டா முதல் சுற்றுலயே ஜன்னல் வழியாப் பறந்துடுவா."

"நீ இல்லாம நான் எதுக்குடி ஆடணும்?"

"ரெண்டு பேரும் ஆடாம உட்கார்ந்தா என் கை சரியாயிடுமா?"

நஸ்ரின் என்னை முறைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வா" என்று மீனுவைப் பார்த்துச் சொன்னாள். கூப்பிட்ட மாதிரியே இல்லை, சண்டைக்கு அழைத்த மாதிரி இருந்தது.

மீனுவுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கை படாமல் சொல்லிக் கொடுப்பது லேசு இல்லை. "வலது கையை மேல வை. அந்த வலது இல்ல, இன்னொரு வலது!" என்று கத்தினேன். மீனு பயந்து பயந்து நிமிர்ந்தே நின்றாள்.

"சாய் மீனு. பின்னால நல்லாச் சாய்."

"விழுந்துட்டா?"

"விழ மாட்டே. நஸ்ரின் விடவே மாட்டா. எனக்குத் தெரியும்" என்றேன். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

சனிக்கிழமை. இரண்டு பேரும் ஒன்பது கஜப் புடவையைக் கச்சம் கட்டி, மூக்கில் நத்து போட்டுக்கொண்டு மேடைக்குப் போனார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றேன். "ஃபூ" சொல்கிற வேலையை மிஸ்ஸிடம் கேட்டு வாங்கியிருந்தேன். அதற்குக் கை தேவையில்லை.

அவர்கள் சுற்ற ஆரம்பித்தார்கள். மெதுவாக, பிறகு வேகமாக. புடவைகள் இரண்டும் கலந்து ஒரே நிறமாகின. கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நஸ்ரின் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தபோது, என் வாயிலிருந்து "ஃபூ" வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. நல்லவேளை, மைக்கில் கேட்டவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆட்டம் முடிந்தது. நஸ்ரின் வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். பின்னால் வந்த மீனு தள்ளாடி இடதுபக்கம் போனாள், வலதுபக்கம் போனாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாள்.

என் கை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மீனு கண்ணைத் திறந்தாள். தான் பிடித்திருப்பது என்ன என்று பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"வலிக்குதா?" என்றாள்.

"ரொம்ப."

அவள் விரல்களைப் பஞ்சு மாதிரித் தளர்த்தினாள். "விட்டுடட்டுமா?"

"தலை சுத்துறது நிக்கட்டும். அப்புறம் விடு" என்றேன்.

மீனுவுக்குத் தலைசுற்றல் நிற்க ரொம்ப நேரம் ஆனது.