கையை எடுங்கோ மாமி!

விடிந்ததும் விடியாததுமாகத் தர்சனா பையை அடுக்கிவிட்டாள். நெடுந்தீவுக்கு, தாய் வீட்டுக்குப் போகிறாளாம். மாமியார் அன்னபூரணம் குசினி வாசலில் நின்று, அவள் காதில் விழட்டும் என்றே முணுமுணுத்தாள்.

"போறவை போகட்டும்... இந்த மனிசனைப் பிடிச்சு நடத்தி, சமைச்சுப் போட்டு, எல்லாத்துக்கும் நான் ஒருத்தி இருக்கிறன்தானே!"

உள்ளே, கட்டுப் போட்ட காலுடன் படுத்திருந்த அவள் கணவர் இளையதம்பி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மாதமாக அவர் கேட்டுப் புளித்துப்போன பேச்சு அது.

இரண்டு மாதத்துக்கு முன், வேலணையில் கராஜ் வைத்திருக்கும் மகன் ரஜீபன், மனைவி தர்சனாவின் ஸ்கூட்டியில் எக்சிலேற்றர் வயரைக் கழற்றி எறிந்தான். அதற்குப் பதிலாகக் கைபிடிக்குள் ஒரு சென்சர், எஞ்சினருகே ஒரு சின்ன மோட்டர். பெற்றோல் மிச்சம், கூலிக்குப் போகிறவனும் வாங்கலாம் என்று அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். மூன்றாம் நாள் தர்சனா மாமியைக் கோயிலிலிருந்து ஏற்றிவந்து, எஞ்சினை அணைக்காமல் படலையடியில் நிறுத்தினாள். மாமி இறங்கிவிட்டாள். தர்சனா குனிந்து அர்ச்சனைப் பையைக் கழற்றும்போது ஸ்கூட்டி பாய்ந்தது. படலை திறந்துகொண்டிருந்த இளையதம்பியின் கால் முறிந்தது.

ரஜீபன் மூன்று தரம் சோதித்தான். சாமானில் பிழையில்லை. அப்படியென்றால் பிழை தர்சனாவின் கையில்தானே! கனடா, லண்டன் உறவெல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அன்னபூரணம் அழுதழுது குரல் அனுப்பினாள். 'மாமனை விழுத்திப்போட்டு, கையை எடுங்கோ எண்டு என்னிலை பாய்ஞ்சவள்!'

இன்று தர்சனாவைப் படகுத்துறையில் விட, ரஜீபன் ஸ்கூட்டியைப் பெரிய ஸ்ராண்டில் நிறுத்தி, ஸ்ராட் பண்ணிவிட்டுத் தலைக்கவசம் எடுக்கத் திரும்பினான். மனதிலிருந்த மிச்சத்தையும் கொட்டிவிடப் படலையடிக்கு வந்தாள் அன்னபூரணம். செருப்புக்குள் மணல். எப்போதும்போல் கைபிடியைப் பற்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று செருப்பை உதறினாள்.

எஞ்சின் அலறியது. பின்சில்லு அந்தரத்தில் வெறிபிடித்துச் சுழன்றது.

"கையை எடுங்கோ மாமி!"

தர்சனா ஓடிவந்து திறப்பைத் திருகி எஞ்சினை அணைத்தாள். அன்னபூரணம் தன் கையையே பார்த்தபடி நின்றாள். அதே குரல், அதே சொல்... அன்றும் செருப்புக்குள் மணல்!

"அம்மா..." ரஜீபன் தலைக்கவசத்தைக் கீழே வைத்தான். "பழைய வயர் இறுக்கம், பிடிச்சாலும் அசையாது. இது தொட்டாலே முறுகும். அண்டைக்கும் இப்பிடித்தான் பிடிச்சனீங்களோ?"

அன்னபூரணம் வெட்கத்தோடு தர்சனாவிடம் திரும்பினாள். "தெரிஞ்சுகொண்டும் ஏன் பிள்ளை வாய் திறக்கேல்லை?"

"மாமாவை விழுத்தினது நீங்களெண்டு தெரிஞ்சால் உடைஞ்சு போவியள் எண்டு நினைச்சனான் மாமி... ஆனா ரெண்டு மாசம்! இவரும் என்னை நம்பேல்லை. இனி என்னாலை ஏலாது." தர்சனா விம்மினாள். ரஜீபன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்னபூரணம் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து அதே குழுவுக்குப் பேசினாள்.

"நான் அன்னபூரணம் கதைக்கிறன். என்ரை மனிசன்ரை காலை முறிச்சது என்ரை மருமகள் இல்லை... நான்! ஒரு பாவமும் அறியாத பிள்ளையிலை பழி போட்டுட்டன். எல்லாரும் கேளுங்கோ..."

"வேண்டாம் மாமி!" தர்சனா போனைப் பறிக்குமுன் குரல் போய்விட்டது. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. இளையதம்பியும் கேட்டுவிட்டார்.

அன்னபூரணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ரஜீபன், அப்பாவை நீ பார். நானும் நெடுந்தீவுக்குப் போறன். இவளின்ரை அம்மாவுக்கு முன்னாலை நிண்டு என்ரை வாயாலை சொல்லவேணும். பிறகு வாறதும் வராததும் பிள்ளையின்ரை விருப்பம்."

தர்சனா ஸ்கூட்டியில் ஏறி அமர்ந்தாள். பின்னால் ஏறப்போன அன்னபூரணம், எதைப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு கையையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். இனி அந்த வண்டியில் எதைத் தொடவும் அவளுக்குப் பயம்.

தர்சனா திரும்பி அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்தாள்.

"இதைப் பிடியுங்கோ மாமி."