ஆக்ஸிஜனுக்கு ஒரு பொட்டு

காலை ஆறு பத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது.

கோட்டூர்புரம் ஆற்றோரம் நடந்துகொண்டிருந்தவர்கள் பட்டாசு என்று நினைத்தார்கள். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றாவது மாடி ஜன்னலில் கண்ணாடி இல்லை.

புகை இருந்தது.

ஏழரைக்குத் தீயணைப்பு வண்டி கிளம்ப, இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி உள்ளே வந்தாள்.

உடற்பயிற்சி அறை. தரையில் வெள்ளைத் துணி. துணிக்கு அடியில் ஜவஹர். வயது அறுபத்திரண்டு. தி.நகரில் நான்கு மாடி ஜவுளிக்கடை முதலாளி.

பக்கத்தில் ட்ரெட்மில். கருகிய மாஸ்க். ஆள் உயரக் கறுப்பு சிலிண்டர், தோள் மட்டும் வெள்ளை. அதன் கழுத்தில், ரெகுலேட்டர் இருந்த இடத்தில், பித்தளை உருகி வழிந்து உறைந்திருந்தது.

"யார் முதல்ல பார்த்தது?"

சுவரோரம் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். ஏசுராஜ். ஜவஹரின் ட்ரெய்னர். பட்டினப்பாக்கத்துக்காரன்.

"நான் தான் மேடம். கொன்னதும் நான் தான்."

ஹெட் கான்ஸ்டபிள் வேலு வாட்சைப் பார்த்தார். "மேடம், கேஸ் முடிஞ்சிது. டிபன் சாப்ட போலாமா?"

"வேலு..."

"சும்மா கேட்டேன் மேடம்."

ஜெயபாரதி ஏசுராஜ் பக்கம் திரும்பினாள். "எப்படிக் கொன்ன? விவரமாச் சொல்லு. இந்த சிலிண்டர் எதுக்கு?"

"சாரு மாஸ்க் மாட்டிக்கினு ஓடுவாரு மேடம். சாதா காத்துல அஞ்சுல ஒரு பங்குதான் ஆக்ஸிஜன் கீது. இதுல அதவிட ஜாஸ்தி இழுக்கலாம். மூச்சு வாங்காது, ஒடம்பு சீக்கிரம் தெளியும்னு சாரு நம்புனாரு. டாக்டருங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆனா சாரு ரெண்டு வருஷமா இத விடல."

"சரி. எப்படி வெடிச்சுது?"

அவன் உருகிய பித்தளையைப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சைக்கிளுக்குக் காத்தடிச்சிருக்கீங்களா மேடம்? பம்ப்பு சுடும்ல?"

"சுடும்."

"அதே கணக்குதான். சிலிண்டருக்குள்ள அம்மாம் அழுத்தம். வால்வத் திருகுற வேகத்துல காத்து ரெகுலேட்டர் சந்துல போய் மோதும். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள கொதிக்கும். ஒண்ணும் ஆவாது... அந்த எடம் சுத்தமா இருந்தா. ஒரு சொட்டு எண்ணெ இருந்தாப் போச்சு. ஆக்ஸிஜன்ல எண்ணெ எரியாது மேடம், வெடிக்கும். அப்பால பித்தளையே பத்திக்கும்."

"இதுல நீ என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலயே. அதான் குத்தம். தெனம் ஆறு மணிக்கு வந்து நான் தொடைச்சுப் பார்ப்பேன். அப்பால சாரு அவரு கையால தொறப்பாரு. இன்னிக்கு அம்மாவ மீன் கூடையோட அடையாறு மார்க்கெட்ல எறக்கி உட்டுட்டு வந்தேன். பத்து நிமிஷம் லேட்டு. சாரு காத்துக்கினு இருக்கற ஆளா?"

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"இட்டுக்கினு போங்க மேடம். இந்த வூட்டம்மா மூஞ்சிய என்னால பார்க்க முடியாது."

"கவனக்குறைவால மரணம்னு எழுதிக்கறேன்," என்றார் வேலு, இந்த முறை சிரிக்காமல். "உள்ள போவே தம்பி. தெரியுதுல்ல?"

"தெரியும்ணே."

"அந்தப் பிள்ளைய விட்ருங்க."

வாசலில் ஷண்முகப்ரியா நின்றாள். ஜவஹரின் மனைவி. அவள் தோளைப் பிடித்தபடி மகன் அஸ்வின்.

"அவன் தொடைச்சிருந்தா தப்பிச்சிருப்பார். ஆனா எண்ணெய் வெச்சது நான்."

வேலு எழுதுவதை நிறுத்தினார்.

"நேத்து ஆயுத பூஜை," என்றாள் ஷண்முகப்ரியா. "கார், மிக்ஸி, தையல் மிஷின், எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். அவருக்கு மூச்சுக் குடுக்கற பொருளாச்சே, இதை மட்டும் விடலாமான்னு இந்தப் பித்தளைக்கும் வெச்சேன். தண்ணியில கொழைச்ச சந்தனம் காஞ்சு உதிர்ந்துட்டே இருந்துச்சு. விளக்குலேர்ந்து நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு தொட்டுக் கொழைச்சேன். அப்புறம் ஒட்டிக்கிச்சு."

அவள் தன் விரலைப் பார்த்தாள்.

"நாப்பது வருஷமா அவர் நெத்தியில திருநீறு வெச்சுவிட்ட விரல் இது. இதே விரலால..."

"அம்மா, பேசாம இரு," என்றான் அஸ்வின்.

"ஏன் பேசாம இருக்கணும்? அவனை இழுத்துட்டுப் போறாங்க. என்னைக் கூட்டிட்டுப் போங்கம்மா. எனக்கு இனிமே இந்த வீட்டுல சோறு இறங்காது."

ஜெயபாரதி மெதுவாகச் சொன்னாள்: "தெரியாம செஞ்சது தானே."

"தெரியாம செஞ்சா மட்டும் அவர் எழுந்து வருவாரா?"

ஷண்முகப்ரியா அந்த விரலைச் சுவரில் தேய்க்க ஆரம்பித்தாள். ஒரு முறை. இரண்டு முறை. சுண்ணாம்பு உதிர்ந்தது. தோல் உரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

அஸ்வின் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடுடா... நான் கொன்னவ."

"இல்லம்மா."

"நான் வெச்ச எண்ணெய்தான்டா."

"உன் பொட்டு வெளியில தான்மா இருந்துச்சு!" அவன் கத்தினான். "மேல் பக்கம். அங்க வாயு போகவே போகாது. அதால ஒண்ணுமே ஆகியிருக்காது. உள்ள, வாஷருக்குப் பின்னாடி வெச்சது தான் பத்திக்கிச்சு!"



தொலைவில் பறக்கும் ரயில் போகும் சத்தம் கேட்டது.

"வாஷருக்குப் பின்னாடி," என்று திரும்பச் சொன்னாள் ஜெயபாரதி. "ரெகுலேட்டரைக் கழட்டினாத்தான் அந்த இடம் தெரியும். இல்லையா ஏசுராஜ்?"

"ஆமா மேடம். ஸ்பானர் போட்டுக் கழட்டணும்."

"இப்ப அது உருகி ஒரே கட்டியாக் கிடக்கு. அங்க எண்ணெய் இருந்துச்சுன்னு எங்க ஆளுங்களுக்கே தெரியாது. அஸ்வின், வெச்சதுன்னீங்களே... யார் வெச்சது?"

அஸ்வின் அம்மாவைப் பார்த்தான்.

ஷண்முகப்ரியா அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். அவன் சட்டையில் அவள் விரலின் ரத்தம்.

"ஏண்டா?"

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அவன் தரையில் உட்கார்ந்தான். "அறுபதுல கடையை என் கையில குடுத்துடறேன்னு சொன்னார்மா. அந்த வருஷம் தான் இந்த மாஸ்க்கை மாட்டினார். ஒரே மாசம். இன்னும் இருபது வருஷம் நான் ஓடுவேன்டா, நீ மூணாவது மாடியில வேட்டி செக்‌ஷனைப் பாருன்னுட்டார். தெனம் காலையில அவர் ஓடற சத்தம் என் ரூமுக்குக் கேக்கும். ஒவ்வொரு அடியும் என் தலை மேல விழற மாதிரி இருக்கும்."

"எண்ணெய் விஷயம்?"

"ஏசுராஜ் தான் அப்பாவைத் திட்டுவான். எண்ணெய்க் கையோட தொடாதீங்க சார்னு. கேட்டுக்கிட்டே இருந்தேன்... அம்மா பொட்டு வெச்சதைப் பார்த்தேன். ராத்திரி ரெகுலேட்டரைக் கழட்டி உள்ள எண்ணெய் தடவினேன். எப்படியும் விபத்துன்னு முடிஞ்சிடும்னு நெனச்சேன். பழி அம்மா மேல விழும்னு மட்டும் நெனைக்கல."

ஏசுராஜ் இன்னும் கைகளை நீட்டியபடியே நின்றான். ஜெயபாரதி அந்தக் கைகளைக் கீழே இறக்கிவிட்டாள்.

"நேரத்துக்கு வந்திருந்தா கழட்டிப் பார்த்திருப்பியா?"

"இல்ல மேடம். வெளியிலதான் தொடைப்பேன்."

"அப்ப வீட்டுக்குப் போ."

அவன் போகவில்லை. தண்ணீர் கொண்டுவந்து ஷண்முகப்ரியாவின் விரலைக் கழுவினான். அவள் தடுக்கவில்லை.

வேலு விலங்கை மாட்டும்போது அஸ்வின் முனகினான். "பதினாலு வருஷம் மேடம். அந்த முதலாளி சீட்டுக்காகப் பதினாலு வருஷம் பொறுமையாக் காத்திருந்தேன்."

"அப்ப புழல் ஜெயில்ல உங்களுக்குக் கஷ்டமே இருக்காது," என்றாள் ஜெயபாரதி. "அதே வேலைதான், சீட்டு மட்டும் தரையில."