மலையேறி வந்த கப்பல்காரன் பெட்டி

வங்கியில் முப்பத்தாறு வருஷம் இரண்டு கையெழுத்து இல்லாமல் எதையும் நம்பாத ராமபத்ரன், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து புதையல் என்று யார் சொன்னாலும் நம்பத் தொடங்கிவிட்டார். முதலமடை மாம்பழத்தை நறுக்கிக்கொண்டே கைபேசியில் கடற்கொள்ளைக்காரர்களின் கதை கேட்பது அவருக்குக் காலையில் இரண்டாவது காபி மாதிரி. அவர் மனைவி திரிபுரசுந்தரி நேர் எதிர். நில அளவைத் துறையில் அளவுச் சங்கிலி பிடித்துப் பழகியவர். அளந்து பார்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அதனாலேயே பாலக்காட்டுக் கல்பாத்தியில் வேலித் தகராறு முதல் தொலைந்த வளையல் வரை எல்லாம் அவரிடம் வந்து சேரும்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது மாடியில் குடியிருக்கும் லிஜி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவுப் பணி முடிந்த உடையோடு, கண் சிவந்து நின்றாள்.

"ஆன்ட்டி, எங்கப்பாவைத் திருடன்னு சொல்லுதாங்க," என்றாள்.

சுந்தரி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது.

லிஜியின் அப்பா சகாயம், இடுக்கி மலையில் ஆனைக்கரையில் ஜோமோன் என்பவரின் ஏலக்காய்த் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார். குடியிருப்பதும் தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளில்தான். திங்கட்கிழமை புதுச் செடி வைக்கக் குழி தோண்டினார்கள். பத்து மணி டீக்கு மற்றவர்கள் போய்விட, எடுத்த குழியை முடித்துவிட்டு வருகிறேன் என்று சகாயம் மட்டும் நின்றார். மண்வெட்டியில் ஒரு பெட்டி தட்டுப்பட்டது. கத்தி ஆள் கூப்பிட்டார். ஆட்கள் ஓடி வந்தபோது பெட்டி மேலே இருந்தது, மூடி திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

"அந்தப் பக்கம் ஒரு கதை உண்டு ஆன்ட்டி. முந்தின காலத்துல ஒரு கடற்கொள்ளைக்காரன் கொச்சியிலேருந்து தப்பிச்சு மலையேறி வந்து பொன்னைப் புதைச்சான்னு. கப்பல்காரன் பெட்டின்னு சொல்லுவாங்க. இதுதான் அந்தப் பெட்டின்னு ஊரே சொல்லுது. பெட்டியில பூரா பச்சைக் களிம்பு. அப்பா கையிலயும் அதே நிறம் இருந்துச்சாம். உள்ள கைவிட்டு எடுத்துட்டாருன்னு முடிவு கட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள பொன்னைக் கொடுக்கணும், இல்லேன்னா போலீஸ், லயத்தையும் காலி பண்ணணும்னு சொல்லிட்டாரு முதலாளி."

"அப்பா என்ன சொல்றார்?"

"'பெட்டி லேசா இருந்துச்சு', அவ்வளவுதான். திங்கட்கிழமையிலேருந்து ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடல."

ராமபத்ரனுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனசின் ஒரு மூலையில் ஓர் ஆசையும் துள்ளியது, அதையும் மறைப்பானேன்? "சுந்தரி, கார் எடுக்கட்டுமா?" என்றார்.

பொள்ளாச்சி தாண்டும் வரை அவர் வாய் ஓயவில்லை. அந்தக் காலத்து ஏலக்காய்க்கு எவ்வளவு மதிப்பு, அதை ஏற்றிப் போன கப்பல்களை எப்படி மடக்கினார்கள் என்று ஒரே பாடம். பின் இருக்கையில் லிஜி தூங்கிப்போனாள்.

"ஏன்னா," என்றார் சுந்தரி, "கப்பல்ல கொள்ளையடிக்கறவன் ஓடி ஒளியணும்னா எங்க போவான்?"

"கடலுக்கு."

"இவன் மட்டும் ஏன் பொன்னைத் தூக்கிண்டு யானைக்காடு தாண்டி மலையேறினான்? அதோட, தனியாப் புதைச்சான்னா ஊருக்கு எப்படித் தெரிஞ்சது? புதைச்சவன் சொல்லமாட்டான். சொல்றவன் புதைச்சிருக்க மாட்டான்."

"ஆனா பெட்டி இருக்கே."

"இருக்கு. அதைத்தான் பார்க்கப் போறோம்."

கம்பத்தில் சாப்பிட்டு, கம்பமெட்டு வளைவுகளில் ஏறி, சாயங்காலம் ஆனைக்கரை போய்ச் சேர்ந்தார்கள். ஜோமோன் வாசலுக்கு வந்து வரவேற்றார். நாற்பது வயதுக்காரர், தோட்டத்தோடு, நாலு அறையில் விருந்தினர் விடுதியும் நடத்துகிறார். விடுதியையும் தோட்ட வேலையையும் மேற்பார்வை பார்ப்பவன் வினோ, சுறுசுறுப்பான இளைஞன். கேட்பதற்கு முன்பே டீ கொண்டுவந்து வைத்தான்.

"மேடம், சகாயம் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி," என்றார் ஜோமோன். "அதான் மனசு நோவுது. கேட்டிருந்தா பாதி கொடுத்திருப்பேன்."

பெட்டி ஆபீஸ் மேசையில் இருந்தது. ஒரு முழ நீளம். மேலும் உள்ளும் நீலமும் பச்சையும் கலந்த பூச்சு அப்பியிருந்தது. "அசல் செம்பு," என்றார் ஜோமோன். ராமபத்ரன் பயபக்தியோடு குனிந்தார். சட்டைப்பையில் இருந்த கைபேசி சரிந்து பெட்டிமேல் விழுந்தது. கைபேசி உறையின் மூடியில் சின்னக் காந்தம் உண்டு. எடுக்கப் போனால், மூடி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவர் வெட்கத்தோடு பிடுங்கினார். சுந்தரி கணவரைப் பார்த்து மெல்லச் சிரித்தார். தான் அசடு வழிந்ததற்குத்தான் சிரிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனார்கள். மழைக்கு முன் அடிக்கிற மருந்து ஏலச்செடிகளின் இலையிலெல்லாம் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருந்தது. மருந்து கலக்கும் டிரம் ஓரமாக நடந்த ராமபத்ரன், புது வேட்டியின் கரையில் கறை ஏற்றிக்கொண்டார். "சுந்தரி, இது போகுமோ?" என்று கேட்டதற்கு, "போகவேண்டாம், அப்படியே இருக்கட்டும்," என்று பதில் வந்தது. மனுஷன் குழம்பிப்போனார்.

குழி அருகே சகாயம் நின்றார். கன்னம் ஒட்டிப்போன, உயரமான மனிதர். மகளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். சுந்தரி அவரிடம் திருடினீர்களா என்று கேட்கவே இல்லை.

"திங்கட்கிழமை குழிக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன வேலை பண்ணினேள்?"

"விடியக்காலம் மருந்து அடிச்சேன்ம்மா. ஒன்பது மணிக்கு மேல இங்க வந்தேன்."

"பெட்டி எந்த மட்டத்துல இருந்தது? அங்க கை வையுங்கோ."

சகாயம் குழிக்குள் இறங்கிக் கை வைத்தார். அதற்கு ஒரு சாண் கீழே, குழியின் சுவரில் கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. சுந்தரி இழுக்கச் சொன்னார். மக்கிப்போகாத பிளாஸ்டிக் உறை ஒன்று வந்தது.

"நாத்து வளக்கிற கவரும்மா. பெரிய வெள்ளம் வந்த வருஷம் செடியெல்லாம் போயிருச்சு. அப்புறம் ரெண்டு வருஷம் இங்கதான் நாத்து போட்டிருந்தோம். வேலை முடிஞ்சதும் கவரைப் போட்டு மண்ணை மூடிட்டோம்."

அதன்பிறகு சுந்தரி பையிலிருந்து தன் பழைய அளவு நாடாவை எடுத்தார். குழிகள் பத்தடிக்கு ஒன்றாக வரிசை பிடித்து நின்றன. நாடாவின் ஒரு முனையைக் கணவரிடம் கொடுத்து, எல்லைக்கல்லிலிருந்து கடைசிக் குழிவரை நடக்கவைத்தார். எல்லாக் குழியும் நேராக இருக்க, பெட்டிக் குழி மட்டும் வரிசையைவிட்டு மூன்றடி விலகி நின்றது. அதைச் சுற்றி நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு ஏலச்செடித் தூர்கள் வேரோடு பிடுங்கிக் கிடந்தன.

"இது யார் பண்ணினது?"

"முதலாளிதாம்மா," என்றார் சகாயம். "இன்னொரு பெட்டி இருக்கும்னு ரெண்டு நாளா அவரே தோண்டினாரு. நான் வளத்த தூருங்க."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவர் குரல் தழுதழுத்தது. திருட்டுப் பட்டம் சுமந்து நிற்கிறவர் செடிக்காக அழுவதைப் பார்த்ததும், ராமபத்ரனுக்குப் புதையல் ஆசை பாதி இறங்கிவிட்டது.

மத்தியானம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எல்லோரையும் உட்காரச் சொன்னார் சுந்தரி. ஜோமோன், வினோ, சகாயம், லிஜி. நடுவில் பெட்டி.

"ஏன்னா, அந்தக் கைபேசியைப் பெட்டிமேல வையுங்கோ."

ராமபத்ரன் வைத்தார். மூடி ஒட்டிக்கொண்டது.

"காந்தம் செம்புல ஒட்டாது. இது இரும்பு. இரும்பு மண்ணுல கிடந்தா செந்துருதான் ஏறும், பச்சைக் களிம்பு வராது. அப்போ இந்த நிறம் வெளியிலேருந்து பூசினது. என்ன பூசினான்னு எங்காத்துக்காரர் வேட்டியைப் பாருங்கோ."

எல்லோரும் வேட்டிக் கரையைப் பார்த்தார்கள். பிறகு பெட்டியைப் பார்த்தார்கள். ஒரே நிறம்.

"துரிசு, அதான் மயில்துத்தம், அதும் சுண்ணாம்பும்," என்றார் ஜோமோன் மெதுவாக. "நம்ம மருந்து. என் கர்த்தாவே, தினமும் பாக்கிற நிறமாச்சே."

"தினமும் பார்க்கறதுனாலதான் தெரியலை. மருந்து அடிச்ச கையில மருந்து நிறம் இருந்தது. அதைப் போய் சாட்சின்னு பிடிச்சேள். இன்னொண்ணு. நாத்துக் கவர் பெட்டிக்குக் கீழ கிடந்தது. வெள்ளத்துக்கு அப்புறம் போட்ட கவர். அதுக்கும் அப்புறம்தான் பெட்டி மண்ணுக்குள்ள போயிருக்கு. கப்பல்காரன் அந்த வெள்ளத்துக்கு அப்புறமா வந்தான்?"

லிஜி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ புதைச்சது ஆரு?" என்றார் ஜோமோன்.

"முதல்ல உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். புதையல் கிடைச்ச தோட்டம்னா விடுதிக்கு ஆள் வரும். ஆனா பொய்ப் பெட்டின்னு தெரிஞ்சவன், காய்ச்சு நிக்கற தூரை இன்னொரு பெட்டிக்காகப் பிடுங்கமாட்டான். நீங்க நிஜமாவே நம்பினவர்." ராமபத்ரன் இதைக் கேட்டு லேசாக நெளிந்தார். "சகாயமும் இல்லை. தானே புதைச்சவர் தானே கத்தி ஆள் கூப்பிட்டு, காலிப் பெட்டியோட மாட்டிக்கமாட்டார். மிச்சம் அந்த மூணடி. குழிக்குக் குச்சி அடிச்சது யார்?"

சகாயம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வினோ தம்பிதாம்மா. எப்பவும் கயிறு கட்டித்தான் அடிக்கும். முடிச்சுக்கு ஒரு குச்சி. அது ஒண்ணு தள்ளியிருந்துச்சு, நான் கேக்கல."

"முடிச்சுப் போட்ட கயிறு மூணடி தப்பாது," என்றார் சுந்தரி. "பெட்டி முதல்லயே அங்க இருந்தது. இப்போ குழிக்குக் கட்டின கயிறு அதுக்கு மூணடி தள்ளிப் போயிடுத்து. பெட்டியை நகர்த்தினா புது மண் தெரியும். அதனால குச்சியை நகர்த்தினான். இல்லையா வினோ?"

வினோ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொல்லத் தொடங்கினான்.

"போன வருஷம் முழுக்க விடுதிக்கு ஆளே இல்லம்மா. மூடிருவேன்னு முதலாளி சொன்னாரு. வேலை போயிரும்னு பயந்துட்டேன். கம்பம் பழைய இரும்புக் கடையில பெட்டி வாங்கினேன். மார்ச் மாசமே மருந்தைப் பூசிப் புதைச்சு வெச்சேன். வேலையாள் கையில தானா வந்தாத்தான் ஊரு நம்பும்னு நெனச்சேன். ஒரு பெட்டி, ஒரு போட்டோ, அது போதும்னு இருந்தேன். பெட்டியைப் பாத்தா பொன்னு எங்கன்னு கேப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தோணவே இல்ல."

"கேட்டப்ப நீ சொல்லியிருக்கலாமே," என்றாள் லிஜி. "அஞ்சு நாளா எங்கப்பா சாப்பிடலன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றான் வினோ.

ஜோமோன் கோபத்தில் எழுந்தார். வினோவை நோக்கி இரண்டு அடி வைத்தவர், என்ன தோன்றியதோ, திரும்பி சகாயத்தின் முன்னால் வந்து நின்றார். "சகாயம், நான் என்ன செய்யணும்? சொல்லு."

சகாயம் நிமிர்ந்து பார்த்தார். "புதன்கிழமை மாதா கோயில் ஜெபத்துல வெச்சுத்தான் எல்லாரும் என்னப் பாத்து ஒதுங்கினாங்க முதலாளி. அங்க வெச்சே சொல்லிருங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜோமோன் மாதா கோயில் முற்றத்தில் நின்று மலையாளத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சொன்னார். வினோவும் பக்கத்தில் நின்று தன் வாயாலேயே சொன்னான். புதன்கிழமை முகம் திருப்பிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக வந்து சகாயத்தின் கையைப் பிடித்தார்கள். ராமபத்ரனும் போய் ஒரு தரம் பிடித்தார். அப்பாடா என்று மனசு விட்டுச் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை புறப்படும் முன் தோட்டத்துக்கு ஒரு நடை போனார்கள். சகாயம் கோணல் குழியை மூடி, கயிறு கட்டி, முடிச்சு பார்த்து, சரியான இடத்தில் குச்சி அடித்துப் புதிதாகத் தோண்டிக்கொண்டிருந்தார். ஜோமோன் பிடுங்கிப்போட்ட தூர்களில் பிழைக்கக்கூடியவை பக்கத்தில் ஈரச் சாக்கில் காத்திருந்தன.

"அப்போ கொள்ளைக்காரன் கதையெல்லாம் பொய்தானா சுந்தரி?" என்றார் ராமபத்ரன். கேட்கும்போதே குரலில் ஒரு சின்ன நம்பிக்கை.

"கடலோரத்துல எங்கேயாவது ஒண்ணு ரெண்டு நிஜமா இருக்கலாம். எனக்குத் தெரியாது. அளந்ததைத்தான் நான் சொல்லுவேன்."

அப்போது மண்வெட்டி 'ணங்' என்று எதிலோ மோதியது. ராமபத்ரன் தன்னை அறியாமல் இரண்டு எட்டு முன்னால் பாய்ந்துவிட்டார். ஜோமோனும் கழுத்தை நீட்டினார். பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள்.

சகாயம் மண்வெட்டியைக் கீழே வைத்தார். குழியைவிட்டு மேலே ஏறி, இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"வாங்க ஐயா, நீங்களே இறங்கிப் பாத்துக்கிடுங்க. நான் தொடமாட்டேன்."

ராமபத்ரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மண்ணை விலக்கினார். தேங்காய் அளவில் ஒரு கருங்கல். அதை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டியபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து சகாயம் சிரித்துவிட்டார். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஜோமோன் சிரித்தார், சுந்தரியும் சிரித்தார். லிஜிக்கு மட்டும் சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது.

சகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"லிஜி, கஞ்சி இருக்காம்மா? நல்லாப் பசிக்குது."