யார் முதலில் என்று சொல்லாத ஆட்டம்

வந்தவர் உட்காரும் முன்பே ஒரு பெயரை முடிவு செய்துவிட்டார். அதன் கீழே என் கையெழுத்து மட்டும்தான் அவருக்கு வேண்டும். ஆனாலும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனால் தேவலை.

அலர்மேல்மங்கை இதை வெளியே சொல்லவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினாள். ஆஸ்டின் டவுன் வீட்டின் முன்னறைதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பல காலம் விசாரணை செய்து பழகியவள். உதவிக்கு இருந்த தீபிகா ஆம்பூர்ப் பெண். சாயங்காலமானால் ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிடுவாள். அப்புறம் அந்த வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான்.

சாய்கிருஷ்ணா ஒரு மெல்லிய புத்தகத்தை மேசைமேல் போட்டார்.

“நாங்க கதையாட்டம் பப்ளிஷ் பண்றோம் மேடம். நாலஞ்சு பேர் டேபிளைச் சுத்தி உட்காருவாங்க. ஒருத்தர் கதை சொல்லுவார். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். ‘கதவைத் திறக்கறேன், வாளை எடுக்கறேன்’னு வாயாலயே ஆடணும். நடந்ததா இல்லையான்னு சோழி உருட்டிப் பார்க்கணும்.”

“தாயம் மாதிரியா சார்?” என்றாள் தீபிகா.

“கட்டமே கிடையாதும்மா. வெறும் பேச்சு.”

“அப்ப எங்க ஹாஸ்டல்ல தினமும் இதான் நடக்குது.”

அவர் சிரிக்கவில்லை. “எழுதினது என் பார்ட்னர் அம்ருதா. வெளிநாட்டுப் பகடை வாங்கினா புத்தகத்தைவிட அதுக்கு விலை ஜாஸ்தி. சோழின்னு யோசிச்சதும் அவதான். விக்கற பிளான் என்னுது. கடையில அடுக்கி வெச்சா இதை யாரும் வாங்க மாட்டாங்க. ஆடிப் பார்த்தாதான் பிடிக்கும். அதனால வாடகை லைப்ரரிகளுக்கு முதல் புத்தகம் சும்மா கொடுக்கறது. அங்கேயே டேபிள் போட்டு ஆடிக் காட்டறது. பிடிச்சவங்க அடுத்தடுத்த கதைகளைக் காசு கொடுத்து வாங்குவாங்க. எங்க புத்தகம் அச்சுல இருக்கறப்பவே, போன மாசம் வேற ஒரு கம்பெனிக்காரங்க இந்தப் புத்தகத்தோட வந்துட்டாங்க. அம்ருதா எழுதின அதே கணவாய்க் கதை, அதே சோழி, அதே மாதிரி லைப்ரரில சும்மா. அந்தப் பிளானை நான் அம்ருதாகிட்டகூடச் சொல்லல மேடம். எழுதறவகிட்ட வியாபாரம் பேசினா எழுத்து கெட்டுடும்.”

“சந்தேகம் யார்மேல?”

“அம்ருதா மேலதான். இல்லேன்னா ஒக்கலிபுரத்துல எங்க பிரிண்டர் உத்தமன். அவர் அந்த மாதிரி ஆள் இல்ல.” கண்களைத் தேய்த்துக்கொண்டார். “காலேஜ்லேர்ந்து சிநேகிதி. இனிமே வராதேன்னு சொல்லிட்டேன். நீங்க ரிப்போர்ட் கொடுத்தா அவ பேரை எடுத்துட்டு எங்க புத்தகத்தை நான் தனியா கொண்டுவருவேன்.”

மறுநாள் மங்கையும் தீபிகாவும் மர்பி டவுனில் அம்ருதாவின் வீட்டுக்குப் போனார்கள். பெரிய மேசை, சுற்றிலும் நாற்காலிகள், ஒன்றிலும் ஆள் இல்லை. அம்ருதா தன் பக்க நியாயம் எதையும் பேசவில்லை. காபி கொடுத்துவிட்டு, சுத்தமாயிருந்த மேசையையே மறுபடி துடைத்தாள். யாருமில்லாத வீட்டில் கைக்கு ஒரு வேலை தேடும் அந்தத் துடைப்பு மங்கைக்கு நன்றாகத் தெரியும்.

“இந்தத் திருட்டுப் புத்தகத்தை வெச்சு நாங்க ஆடிப் பார்க்கலாமா?” என்று கேட்டாள்.

“ஆடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். சோதனை ஆட்டத்துல எழுதினவங்க பேசக் கூடாது. அதுதான் வழக்கம்.”

தீபிகா கதை சொன்னாள். மங்கை கணவாய்க் காவல்காரியானாள். ஐம்பது வயதுக்கு மேல் வாள் பிடிக்க முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு மழையையும் பாறையையும் அவளே சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். பாறைக்குப் பின்னாலிருந்து திருடன் பாய்ந்தான்.

“உங்களை வெட்டறேன் மேடம்!”

“ஏய், நான்தான் முதல்ல வெட்டுவேன்.”

“எந்தச் சட்டத்துல? சம்பளம் கொடுத்தா முதல் வெட்டும் உங்களுதா?”

புத்தகத்தைப் புரட்டினார்கள். எப்படி வெட்டுவது, எத்தனை சோழி என்றெல்லாம் இருந்தது. யார் முதலில் என்பது எங்குமே இல்லை. ஆட்டம் அங்கேயே நின்றது.

அம்ருதாவின் முகம் மாறியது. “எங்க முதல் பிரதியிலயும் இந்த ஓட்டை இருந்தது. எங்க டேபிள்ல கதை சொல்றவருக்கு இடது பக்கம் இருக்கறவங்கதான் எப்பவும் முதல்ல. பழகிப்போனதால எழுதணும்னே தோணல. முன்னப்பின்னத் தெரியாத பசங்களை ஆட வெச்சப்ப இதே இடத்துல மாட்டிக்கிட்டாங்க. அப்புறம்தான் எழுதிச் சேர்த்தேன். உத்தமன் அண்ணனுக்குப் போனது திருத்தின பிரதி.”

“பழைய பிரதி?”

“என்கிட்ட ஒண்ணு, சாய்கிட்ட ஒண்ணு.”

“லைப்ரரில சும்மா கொடுக்கற பிளான்?”

“அது இவங்க பண்றது இல்லையா? ஏன், நாங்களும் அப்படியா செய்யறதா இருந்தோம்?” என்று கேட்டாள் அம்ருதா.

அடுத்த நாள் காலை சாய்கிருஷ்ணா வந்தார். மங்கை நிதானமாகச் சொன்னாள்.

“திருட்டுப் புத்தகத்துல யார் முதல்லங்கற விதி இல்ல. அப்ப அது பழைய பிரதியிலேர்ந்து வந்தது. உத்தமன் அதைப் பார்த்ததே இல்ல. மிச்சம் ரெண்டு பேர்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்? அம்ருதா.”

“இருங்க. புத்தகம் போன இடத்துக்கே உங்க லைப்ரரி பிளானும் போயிருக்கு. அது அவளுக்குத் தெரியாது. நீங்களே சொன்னீங்க. நேத்து நானும் கேட்டுப் பார்த்துட்டேன். ரெண்டையும் கையில வெச்சிருந்த ஒரே ஆள் நீங்க.”

“என் சரக்கை நானே திருடுவேனா?”

“திருடல. காட்டியிருக்கீங்க. எல்லா லைப்ரரிக்கும் புத்தகம் போடற ஆள் ஒருத்தர் இருப்பாரே. அவர் ஒத்துக்கலேன்னா உங்க பிளானே நடக்காது.”

வெளியே ஒரு ஆட்டோ நின்று, கிளம்பிப் போனது. தீபிகா எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

“பிரதியை வெச்சுட்டுப் போ, படிக்கறேன்னார்,” என்றார் சாய்கிருஷ்ணா. “அப்புறம் ‘நம்ம ஊருக்கு இது ஓடாது குரு’ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். இவங்க புத்தகம் வெளிய வந்த அன்னைக்கே அவர் வேலைதான்னு மனசுல பட்டது. அப்படி நினைக்கக் கூடாதுன்னு இருந்தேன்.”

மங்கைக்குப் புரிந்தது. தான் ஏமாந்ததை வைத்துக்கொண்டு தனியாக இருப்பது கஷ்டம். குற்றம் இன்னொருத்தி மேல் என்றால், கோபமாவது துணைக்கு இருக்கும்.

“மேடம், ‘கண்டுபிடிக்க முடியல’ன்னு மட்டும் எழுதிடுங்க. நான் மன்னிச்சுட்டதா சொல்லி அவளைக் கூப்பிட்டுக்கறேன். நடந்தது தெரிஞ்சா என் எதிர்லகூட உட்கார மாட்டா. எனக்கு வேற யாரும் இல்ல.” அவர் குரல் தணிந்தது. “நீங்களும் வாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாம் ஆடுவோம். உங்களுக்குன்னு ஒரு நாற்காலி இருக்கும். நீங்க மழையைச் சொன்ன விதத்தைப் பத்தி இந்தப் பொண்ணு வாசல்லயே சொன்னா.”

ஞாயிற்றுக்கிழமைகள் எவ்வளவு நீளம் என்பது மங்கைக்குத் தெரியும். அந்த மேசையைச் சுற்றி எழும் சத்தத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு அம்ருதா சோழியைக் கையில் எடுப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு தானும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“நடந்ததைத்தான் எழுதுவேன்,” என்றாள். “அவகிட்ட முதல்ல நீங்களே சொல்லிடுங்க.”

“அப்ப ஞாயித்துக்கிழமை?”

“இல்லப்பா. நான் வரல.”