திருப்பி வைத்த மெட்டுகள்

கந்தம்மாள் அத்தையின் வீணை சில நாட்களாக இரைந்துகொண்டிருந்தது. கம்பியை மீட்டினால் நாதத்தோடு கூடவே, குளவி பறப்பதுபோல் ஒரு சத்தமும் வந்தது.

வேறு சமயமாக இருந்தால் யாரும் அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை, அண்ணன் மகள் ஆராயி படிக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சரம்மா வீட்டுக்கே வரப்போகிறார். அத்தை வாசிப்பது பிடித்திருந்தால், பாட்டு டீச்சர் வேலை தருவார்.

மாமா இறந்தபின் ராசிபுரத்துக்கு, அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள் அத்தை. சாப்பிடும்போது இரண்டாம் முறை சோறு கேட்கவே மாட்டாள். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஆராயிக்குத் தெரியும்.

"தறிக்குழி ஈரமுங்க அத்தை. அதுதான் வீணைக்குள்ள போயிருச்சு" என்றாள் ஆராயி.

நெசவாளர் வீட்டுப் பெண் வேறென்ன சொல்வாள்? கஞ்சி போட்ட பாவு நூல் காயவில்லையா, வெயிலில் விரி. பருப்பில் வண்டு விழுந்ததா, வெயிலில் கொட்டு. தம்பிக்குச் சளி பிடித்தாலும் அவனைத் தூக்கி வெயிலில்தான் உட்கார வைப்பார்கள்.

பள்ளிக்கூடம் விடுமுறையாயிருந்த அந்த வாரம், புதன்கிழமை அத்தை கடைக்குப் போனாள். ஆராயி வீணையை மெல்லத் தூக்கிப்போய்ப் புழக்கடையில், நல்ல வெயிலில் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். அத்தை திரும்புவதற்குள் ஈரம் போய்விடும், அத்தை சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். அது சித்திரை வெயில் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

சிறிது நேரம் கழித்து ஆராயி வந்து குனிந்து பார்த்தாள். வீணையின் கழுத்தில் வரிசையாக நிற்கும் வெண்கலத் துண்டுகளுக்கு மெட்டு என்று பெயர். கறுப்பு மெழுகுதான் அவற்றைப் பிடித்து நிறுத்தியிருக்கும். அந்த மெழுகு இளகிவிட்டது. மெட்டுகள் மதியச் சோறு உண்ட பெரியப்பாமார்களைப்போல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

தம்பி மேல் பழி போட்டிருக்கலாம். அவன் எல்லாவற்றையும் உடைப்பவன், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆராயி ஒரு நிமிஷம் அதை யோசிக்கவும் செய்தாள். பிறகு வாசலுக்குப் போய் நின்றாள்.

"அத்தை, நான்தானுங்க வீணையை வெயில்ல வெச்சேன். மெட்டெல்லாம் சாஞ்சிருச்சு."

அத்தை பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் ஆராயிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மெட்டு வெக்கற ஆசாரி தஞ்சாவூர்ல இருக்கறாரு சாமி" என்றாள் அத்தை மெதுவாக. "நாளான்னிக்கு டீச்சரம்மா வாராங்க. வர வேண்டாம்னு அண்ணனைப் போய்ச் சொல்லச் சொல்றேன்."

"நான் கழட்டித் தொடச்சாச்சும் வெக்கட்டுங்களா?"

அத்தை கம்பிகளைத் தளர்த்திக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆராயி மெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்கினாள். எண்ணெய்த் துணியால் துடைக்கும்போது விரல் எதிலோ தட்டியது. இழை அறுந்த இடத்தைத் தடவியே கண்டுபிடிக்கும் விரல் அது. மெட்டின் ஒரு பக்கத்தில், கம்பி உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. எல்லாம் ஒரே பக்கம். மறுபக்கமோ வழவழவென்று இருந்தது.

"அத்தை, ஈரமில்லீங்க. மெட்டு தேஞ்சிருக்குது. பள்ளத்துல கம்பி பட்டுத்தான் இரையுது."

அத்தை எழுந்து வந்து தடவிப் பார்த்தாள்.

"ஆமா சாமி. நான் அதிகம் வாசிக்கறது இந்தப் பக்கத்துக் கம்பியைத்தான். புது மெட்டுக்கு இப்ப எங்க போறது?"

ஆராயி துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மா சேலையை உதறிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, சீலையோட ஒரு தலைப்பு நைஞ்சு போனா அம்மா என்ன பண்ணுவாங்க? அதை உள்ள செருகிட்டு, மறு தலைப்பை வெளிய உடுவாங்க. மெட்டையும் அப்பிடித் திருப்பி வெச்சா என்னங்க?"

அத்தை ஒரு மெட்டை எடுத்துத் திருப்பினாள். தேய்ந்த பக்கம், அவள் எப்போதாவது தொடும் கம்பிகளுக்கு அடியில் போனது.

"ஆனா இடம் ஒரு நெல்லளவு தவறினாலும் சுதி கெட்டுப் போயிரும். நான் மெட்டு வெச்சதே இல்லையே."

"எது சரி, எது தப்புன்னு உங்க காதுக்குத் தெரியுமில்லீங்க? நான் மெழுகைப் பதமா வெச்சுத் தாரேன்."

அத்தை மெட்டைத் துணியில் அதன் இடத்திலேயே வைத்தாள். பிறகு, "நாளைக்கு அமாவாசை" என்றாள்.

அமாவாசையன்று நெசவாளர் தெருவில் தறி ஓடாது. மற்ற நாளில் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் தும்மினால்கூடக் கேட்காது. மறுநாள் தெரு அமைதியாக இருந்தது. ஆராயி சூடு பண்ணிய கரண்டியால் மெழுகை இளக்கினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு மீட்டினாள்.

"கொஞ்சம் மேல தள்ளு. இன்னும். அய்யோ, போயிருச்சு, கீழ வா. ஆங், நில்லு."

அப்பா அர்த்தநாரி இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். வாய் திறக்கப் போனவரை அத்தை விரலைக் காட்டி அடக்கினாள். அண்ணனை அவள் அப்படி அடக்கி யாரும் பார்த்ததில்லை. பொழுது சாய்வதற்குள் கடைசி மெட்டும் நின்றது. இரைச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சரம்மா வந்து கேட்டார். அத்தை வாசித்து முடித்ததும், "திங்கட்கிழமை வந்துவிடுங்கள்" என்றார்.

அன்று இரவு அத்தை இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். ஆராயிக்கு ஒரு சந்தேகம்.

"அங்க உங்களை அத்தைன்னு கூப்பிடறதுங்களா, டீச்சர்னு கூப்பிடறதுங்களா?"

அத்தை யோசித்தாள். "பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் அத்தை. உள்ள போயிட்டா டீச்சர்."

அதனால் வாசல் வரும்வரை, ஒரு காரணமும் இல்லாமல், "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள் ஆராயி.