தேசிக்காய் மணந்த சட்டை

“எங்கட காக்காவ எரிச்சுப் போட்டாவே உம்மா!” ஹிமாயா தன் அண்ணனுக்காக முற்றத்திலேயே தொடங்கிவிட்டாள்.

ஸுஹைறா அப்போதுதான் தேயிலைக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். சாய்ந்தமருதிலிருந்து மாமியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக வந்திறங்கியிருந்தாள் கணவனின் தங்கை ஹிமாயா. வந்த காரியம் ஒன்றுதான், அண்ணன் றாஸிக்கைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவது.

றாஸிக்குக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது குருத்தணு கொடுத்தவள் ஹிமாயாதான். அதை ஸுஹைறா ஒருநாளும் மறந்ததில்லை. உயிர் தப்பியது. ஆனால் உள்ளே போன அணுக்கள் அவனுடைய தோலையே அந்நியமென்று தாக்கத் தொடங்கின. சொறி, தடிப்பு, உறக்கமில்லாத மாதங்கள்... புற ஊதா ஒளி கொடுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். எட்டு மாதமாக, வாரத்துக்கு மூன்று நாள், பஸ்ஸில் கூட்டிப்போய் அந்த விளக்குக் கூண்டுக்கு வெளியே காத்துக் கிடந்தவள் யார்? இவள்தானே! தோலும் இளகித்தான் வந்தது. போன செவ்வாய்க்கிழமை ஒளி பிடித்துவிட்டு வந்தபின்தான் முதுகெல்லாம் கொப்பளம். இந்தத் தோல் ஒளியைத் தாங்காது போலிருக்கிறது, நிறுத்துவதா என்று இன்று சொல்கிறேன் என்றிருந்தார் டொக்டர்.

“வெளிய காத்திருக்க ஏலாம, கெதியா முடியட்டும் எண்டு நேர்ஸிட்டச் சொல்லி வெளிச்சத்தக் கூட்டி வெச்சிரிக்கா!” என்றார் மாமி. நேற்றும் வந்து, ஸுஹைறாவைப் பெற்ற வாப்பாவுக்கு முன்னாலும் இதையே சொல்லிவிட்டுப் போனார். றாஸிக் நேற்றும் வாய் திறக்கவில்லை, இன்றும் திறக்கவில்லை.

“சரி மாமி, கூட்டிட்டுப் போங்க. உடுப்ப எடுத்துத் தாறன்.”

அலுமாரியில் சாரன்களுக்கு அடியில் ஏதோ சுருட்டிக் கிடந்தது. றாஸிக் கிளினிக்குக்குப் போட்டுப்போன செவ்வாய்க்கிழமைச் சட்டை! முதுகுப்பக்கம் எண்ணெய்க் கறை. முகர்ந்தாள். எலுமிச்சைப் புளிப்போடு தேசிக்காய் மணம்.

சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“இது என்ன?”

ஹிமாயாதான் சொன்னாள்: “அது... ஓதின எண்ணெய் மச்சி. செவ்வாய்க்கிழம காலயில நான் வந்தப்ப, நீங்க குளிக்கப் போன நேரம், தேசிப்புளி கலந்து நான்தான் பூசினன். சுகம் கிடைக்கட்டும் எண்டுதான்...”

“ஒளி பிடிக்க முந்தி உடம்பில ஒண்டும் பூசப்படாது, தேசிக்காய் பட்டா தோல் வெந்துபோகும் எண்டு நேர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாவே!”

“அல்லாஹ்! எனக்குத் தெரியாதே... மச்சிட்டச் சொல்லவேணாம் எண்டு காக்காதானே சொன்னாரு!”

ஸுஹைறா கணவனைப் பார்த்தாள்.

“அவள் உசிரு தந்தவள் ஸுஹைறா... எப்பிடி வேணாமெண்டு சொல்ற? பொறகு, அவள்தான் காரணமெண்டு எந்த வாயால சொல்ற?”

“அதுக்காக என்னப் பலி குடுத்தீங்க! எங்கட வாப்பா தலகுனிஞ்சு போனாரே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? வைத்தியத்தையே நிப்பாட்டப் பாத்தாங்களே, அப்பவும் பேசல்லியே!” அத்தனை நாள் அடக்கியது உடைந்து கொட்டியது.

“என்னப் பொறுத்துக்குங்க மச்சி!” ஹிமாயா ஓடிவந்து கட்டிக்கொண்டு கதறினாள். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஸுஹைறா ஹிமாயாவின் தலையைத் தடவிவிட்டாள்.

“நீ அறியாமச் செஞ்சாய் புள்ள. அவரு அறிஞ்சுகொண்டு இருந்தாரு.”

போனை எடுத்துக் கணவன் கையில் வைத்தாள். அவன் முதலில் அவளுடைய வாப்பாவுக்கு எடுத்தான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பிறகு கிளினிக்குக்கும் சொன்னான். அப்படியென்றால் ஒளியை நிறுத்தத் தேவையில்லை, புண் ஆறியதும் தொடரலாம், இன்று கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள்.

“வா ஸுஹைறா, போவம்...”

“நான் வரல்ல. இண்டைக்கு ஹிமாயா வருவா.”

“என்னோட கோவமா?”

“கோவமெண்டா ரெண்டு நாளில போயிரும்.”

கூண்டுக்குள் அவன் போடும் கறுப்புக் கண்ணாடியையும் கிளினிக் அட்டையையும் ஹிமாயாவிடம் கொடுத்தாள். “கூண்டுக்கு வெளியால குந்தியிருக்க ஒரு நீட்டு வாங்கு இரிக்கு. அதுலதான் எட்டு மாசம் இருந்தன். இனி நீ இரு,” என்றாள்.