ஆணம் என்று எழுதிய கை

பகல் 12.10. யோசேப்பின் வாசற்படியில் ஒன்பதாவது நாளாக அந்தச் சாப்பாட்டுக் கரியர் இருந்தது. வைத்த ஆளைக் காணவில்லை.

12.35. யோசேப் கூப்பிட்ட பொலிஸ் உப பரிசோதகர் சோபனா வந்து சேர்ந்தார்.

"நஞ்சு, பிள்ளை," என்றார் யோசேப். துறைமுகத்து இழுவைப்படகில் முப்பது வருடம் எஞ்சின் பார்த்தவர். மனைவி போனபின் பாணும் தேத்தண்ணியுமாகவே கிடந்து ஆள் பாதியாகியிருந்தார். இப்படியே போனால் ஆஸ்பத்திரிதான் என்று சோபனாவுக்குப் பார்த்ததுமே விளங்கியது.

"ஒன்பது நாளும் சாப்பாட்டை என்ன செய்தனீங்கள்?"

"பூனைக்கு வைச்சனான்."

"பூனைக்கு என்ன நடந்தது?"

"கொழுத்துப்போச்சு. வெறுங்கரியரை வெளியில வைச்சால் ஆரோ எடுத்துக்கொண்டு போகினம். பிடிக்க ஏலாமல் கிடக்கு."

மூடியில் ஒரு துண்டுக் கடதாசி. மேலே சின்னதாக ஒரு கூட்டல் குறி. அதன் கீழே அச்செழுத்துப் போல, ‘ஆணம் ஆறமுன் சாப்பிடவும்.’

"பாருங்கோ, ஆணமாம். நாங்கள் குழம்பு எண்டுவம், சொதி எண்டுவம். ஆணம் எண்டுறது பக்கத்து வீட்டு முனீப்தான். வேலிச் சண்டைக்கு வஞ்சம் தீர்க்கிறான்."

12.50. முனீப்பைக் கூப்பிட்டார்கள். அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தமே இருந்தது.

"சொல்லு எங்கட சொல்லுதான், மிஸ். எழுதினது நானில்ல."

"கடிதம் எழுதினால் தலைப்பில என்ன போடுவீங்கள்?"

"எழுநூற்று எண்பத்தாறு. பிஸ்மில்லாவுக்குப் பதிலா."

"நான் பிள்ளையார் சுழி. ஐயா, நீங்கள்?"

"சிலுவை..." யோசேப் கடதாசியை எடுத்துத் திரும்பப் பார்த்தார்.

"இது கூட்டல் குறியில்லை, ஐயா, சிலுவை. நீங்களும் போடுறதால உங்கட கண்ணில படேல்ல. எழுதினது வேதக்கார வீட்டில வளர்ந்த கை. எழுதின சொல் முஸ்லிம் வீட்டுச் சொல். அப்பிடி உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

யோசேப் கதிரையில் இருந்துவிட்டார். "அருள்மலர். என்ர மகள். ஹஸனைக் கட்டி குடாவுக்கு அங்கால மூதூருக்குப் போனவள். ஆறு வருசமா நான் கதைக்கேல்ல."

"அவதான் ஆள்."

சோபனா மூடியைத் திறந்தார். முள்ளெல்லாம் எடுத்த மீன். "பழைய அகராதியில ஆணத்துக்குக் குழம்பு எண்டும் இருக்கு, அன்பு எண்டும் இருக்கு."

கிழவருக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. அழுதுகொண்டே சாப்பிட்டார். அன்று பூனைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

கழுவிய கரியருக்குள் அவர் வைத்த கடதாசியில் இப்படி இருந்தது: ‘இவ்வளவு ஆணம் காணாது, மகள். நாளைக்கு நீ வந்து ஊத்து.’